நிலா இருந்தால் விளக்கு வேண்டாம்: நூறாண்டுக்கு முன் அயர்லாந்து நகரசபை எப்படி இயங்கியது?

எரிவாயு விளக்கு போட்டிருந்த சின்ன ஊர்களில் நூறு வருடங்களுக்கு முன் ஒரு வழக்கம் இருந்தது. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் தெருவிளக்கை ஏற்ற மாட்டார்கள். நிலா வெளிச்சம் சும்மா கிடைக்கும்போது எரிவாயுவுக்கு ஏன் காசு? அயர்லாந்தோ எந்நேரமும் மேகம் கவிந்து கிடக்கிற நாடு. காலண்டரில் நிலா இருக்கும், வானத்தில் இருக்காது. தடுக்கி விழுந்தவர் திட்டுவது நகரசபையைத்தான்.

இப்படி விளக்குக்கும் சாக்கடைக்கும் காசு எண்ணிக்கொண்டிருந்த சபைகள்தான் 1920இல் பிரிட்டிஷ் அரசைப் பார்த்து, ‘இனி உங்களுக்குக் கணக்கு காட்ட மாட்டோம்’ என்றன. அது எவ்வளவு பெரிய பேச்சு என்று புரிய வேண்டுமானால், இந்தச் சபைக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அதை யார் தணிக்கை செய்தார்கள் என்பது தெரிய வேண்டும். கொடி, கோஷம், துப்பாக்கி எல்லாம் அப்புறம்.

முதலில் வகைகள். 1840இல் வந்த ஒரு சட்டம் ஊழலில் ஊறிக் கிடந்த பழைய நகராட்சிகளில் பெரும்பாலானவற்றைக் கலைத்துவிட்டு டப்ளின், கார்க், லிமரிக், ஸ்லைகோ, டெர்ரி என்று பத்தை மட்டும் விட்டுவைத்தது. இவற்றுக்கு மேயர் உண்டு. மற்ற ஊர்களுக்கு 1854இல் வேறொரு சட்டம் வந்தது. 1,500 பேருக்கு மேல் வசிக்கும் ஊர் விரும்பினால் நகர ஆணையர்கள் என்ற குழுவைத் தேர்ந்தெடுத்து விளக்கு, நடைபாதை, துப்புரவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆணையர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள், அதிகாரிகள் இல்லை. 1898இல் வந்த உள்ளாட்சிச் சட்டம்தான் பெரிய திருப்பம். கொஞ்சம் பெரிய ஊர்களுக்கு ‘அர்பன் டிஸ்டிரிக்ட் கவுன்சில்’ என்ற வடிவத்தை அது உறுதிப்படுத்தியது. தண்ணீர், சாக்கடையோடு ஊருக்குள் இருக்கும் சாலைகளும் அதன் பொறுப்பில் வந்தன. நகரசபை என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது முக்கியமாக இவற்றையும் மேயர் இருந்த நகரங்களையும்தான்.

அதே 1898 சட்டம் ஓட்டு யாருக்கு என்பதையும் மாற்றியது. அதுவரை நகராட்சிகளில் 10 பவுண்டாவது மதிப்புள்ள வீடோ கடையோ இருந்தால்தான் ஓட்டு. இப்போது சாதாரணக் குடித்தனக்காரருக்கும் ஓட்டு வந்தது. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட முடியாத பெண்கள், வீட்டுக்காரராக இருந்தால் நகரசபைக்கு ஓட்டுப் போடலாம், அர்பன் டிஸ்டிரிக்ட் சபையில் உட்காரவும் செய்யலாம். மேயர் உள்ள நகரங்களிலும் கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் சபைகளிலும் பெண்கள் உட்கார 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதிரியார்கள் மட்டும் எந்த மதப்பிரிவாக இருந்தாலும் நிற்கக் கூடாது. ஊரில் யார் என்ன செய்யலாம் என்று சொல்கிற செல்வாக்கு அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது, அது வேறு கதை.

ஓட்டு குடித்தனத்தோடு கட்டப்பட்டிருந்ததால் ஒரு விசித்திரம் வெகுகாலம் நீடித்தது. அயர்லாந்து சுதந்திர அரசு 1923இல் 21 வயதான எல்லாருக்கும் நாடாளுமன்ற ஓட்டைக் கொடுத்தது. ஆனால் அப்பா வீட்டில் தங்கியிருக்கும் இருபத்தைந்து வயது மகன் நாட்டின் அரசைத் தேர்ந்தெடுக்கலாம், தன் தெருவின் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1935இல் சட்டம் வந்துதான் இது சரியானது. வரி கட்டுகிறவன்தான் நகரசபையின் உண்மையான முதலாளி என்ற பழைய எண்ணம் அவ்வளவு கெட்டியாக இருந்தது.

சபை என்னென்ன செய்தது என்பதைவிட என்னென்ன செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான். போலீஸ் அதன் கையில் இல்லை. டப்ளின் நகரத்துக்குத் தனிப் போலீஸ் உண்டு, மற்ற ஊர்களில் எல்லாம் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி. அது பிரிட்டிஷ் நிர்வாகம் இருந்த டப்ளின் கோட்டையிலிருந்து வரும் உத்தரவைத்தான் கேட்கும். பள்ளிக்கூடங்கள் திருச்சபைகளின் நிர்வாகத்தில் இருந்தன. ஏழைகளுக்கான நிவாரணம், இலவச வைத்தியம், ஒர்க்ஹவுஸ் எனப்படும் ஏழைகள் விடுதி எல்லாம் வேறொரு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் பொறுப்பு. மிச்சம் இருந்தது குழாய், குப்பை, விளக்கு, ரோடு, சந்தை, இறைச்சி வெட்டும் கூடம், கொஞ்சம் வீடுகள்.

சந்தை நாள் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும், சபையின் வேலை கண்ணுக்குத் தெரியும். பல ஊர்களில் மாட்டுச் சந்தை தனி மைதானத்தில் நடக்கவில்லை, கடைத்தெருவிலேயே நடந்தது. விடிவதற்கு முன்பே விவசாயிகள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து கடைகளின் முன்னால் நிறுத்திவிடுவார்கள். கடைக்காரர்கள் கண்ணாடியைக் காப்பாற்ற முந்தின இரவே தடுப்பு கட்டுவார்கள். மாலையில் மாடுகள் ரயிலேறிப் போன பிறகு தெரு முழுக்கச் சாணம். அதைக் கழுவிவிட வேண்டியவன் நகரசபையின் துப்புரவு ஆள், அவனிடம் ஒரு குதிரை வண்டியும் துடைப்பமும். சந்தைச் சுங்கம் சில ஊர்களில் சபைக்கு வரும், சில ஊர்களில் அது இன்னும் பழைய நிலப்பிரபு குடும்பத்தின் பாத்தியதை. சாணம் சபைக்கு, சுங்கம் பிரபுவுக்கு என்றால் கவுன்சிலர்களுக்கு எரிச்சல் வராமல் எப்படி இருக்கும்?

சந்தையை மைதானத்துக்கு மாற்றலாமே என்று கேட்கலாம். மாற்றலாம்தான். ஆனால் கவுன்சிலர்களில் பாதிப் பேர் கடைத்தெருவில் கடையோ மதுக்கடையோ வைத்திருந்தவர்கள். சந்தைக்கு வந்தவன் மாடு விற்ற காசோடு திரும்பியதும் முதலில் நுழைவது எங்கே என்று அவர்களுக்குத் தெரியும்.

ஊழியர்கள் கொஞ்சம் பேர்தான். டவுன் கிளார்க் முக்கியமானவர். கடிதம், தீர்மானப் புத்தகம், சட்டம் எல்லாம் அவர் தலையில். பிறகு சர்வேயர் என்கிற பொறியாளர், சுகாதார அதிகாரியாக ஊர் டாக்டர், அவருக்குக் கீழே வீடு வீடாகப் போய்ப் பன்றித்தொழுவத்தையும் கழிப்பிடத்தையும் பார்த்து நோட்டீஸ் கொடுக்கிற ஒரு ஆய்வாளர், வரி வசூலிப்பவர். வசூலிப்பவருக்கு வசூலித்த தொகையில் பவுண்டுக்கு இவ்வளவு என்று கமிஷன். அவர் பணத்தோடு ஓடிவிடக் கூடாதே என்று ஜாமீன்தாரர்களும் வேண்டும்.

கூட்டம் சாயங்காலம் டவுன் ஹாலில் நடக்கும். கடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை கிளார்க் வாசிப்பார், தலைவர் கையெழுத்திடுவார். கவுன்சிலர் யாராவது, அல்லது அவர் வீட்டில் யாராவது இறந்திருந்தால் எழுந்து நின்று இரங்கல் தீர்மானம். சில சமயம் அதோடு கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்து கடிதங்கள். வேறு ஊர் சபைகள் நிறைவேற்றி அனுப்பிய தீர்மானங்களும் அதில் இருக்கும். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும், கைதிகளை விடுதலை செய்ய வேண்டும் என்று ஒரு சபை தீர்மானம் போட்டால் நாட்டிலுள்ள எல்லாச் சபைகளுக்கும் நகல் போகும், ஒவ்வொன்றும் அதை ஆதரிக்கும், அல்லது ‘வாசிக்கப்பட்டது’ என்று குறித்து ஓரம் வைக்கும். எதிர்க்கவும் மனமில்லை, ஆதரிக்கவும் மனமில்லை என்றால் இதைவிட வசதியான வார்த்தை கிடையாது. பிறகு டாக்டரின் அறிக்கை, சர்வேயரின் அறிக்கை, செக்குகள். உள்ளூர் வாரப் பத்திரிகையின் நிருபர் ஓரத்தில் உட்கார்ந்து கிட்டத்தட்ட வரிக்கு வரி எழுதிக்கொண்டிருப்பார். அது கவுன்சிலர்களுக்கும் தெரியும். பல பேச்சுகள் அறைக்குள் இருந்தவர்களுக்காகப் பேசப்பட்டவையே இல்லை.

கூட்டத்துக்கு எல்லாரும் தவறாமல் வரும் நாள் ஒன்று உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும் நாள். கிளார்க்கையும் சர்வேயரையும் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத்தான் நியமித்தார்கள். மனுப் போட்டவர் ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டுக்கும் போய் ஆதரவு கேட்பது வெளிப்படையாக நடந்தது. யார் மருமகன், யார் எந்தக் கட்சி என்பதெல்லாம் தகுதிச் சான்றிதழோடு சேர்த்தே எடைபோடப்பட்டது.

சரி, பணத்துக்கு வருவோம்.

நகரசபையின் முக்கிய வருமானம் ‘ரேட்’ எனப்படும் சொத்து வரி. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் தலைமையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நாடு முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் வயலுக்கும் ஒரு வருட வாடகை மதிப்பு போட்டார்கள். அந்த மதிப்பை வைத்துத்தான் 1920இலும் வரி. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. உங்கள் வீட்டின் மதிப்பு 8 பவுண்டு, சபை இந்த வருடம் ‘பவுண்டுக்கு 10 ஷில்லிங்’ என்று வரி விதித்தால் நீங்கள் கட்ட வேண்டியது 4 பவுண்டு. வருடா வருடம் சபை செலவுக் கணக்குப் போட்டு, அதற்கு எத்தனை ஷில்லிங் வேண்டும் என்று தீர்மானிக்கும். அந்த ஒரு எண்தான் ஊரே பேசும் அரசியல்.

கவுன்சிலர்கள் எதையும் பென்னியில்தான் நினைத்தார்கள். ஒரு ஊரின் மொத்த மதிப்பு 12,000 பவுண்டு என்று வையுங்கள். பவுண்டுக்கு ஒரு பென்னி கூட்டினால் வருடத்துக்கு 50 பவுண்டு கிடைக்கும். அவ்வளவுதான். நூலகச் சட்டத்தில் நூலகத்துக்காக ஒரு பென்னிக்கு மேல் வரி போடக் கூடாது என்று இருந்தது. அமெரிக்கக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி நூலகக் கட்டடம் கட்டப் பணம் கொடுத்தார். ஆனால் நடத்துவது சபையின் பாடு. நூலகர் சம்பளம், கணப்புக்கு நிலக்கரி, விளக்கு எல்லாம் போக அந்த 50 பவுண்டில் புத்தகத்துக்கு என்ன மிஞ்சும்? அழகான கட்டடமும் காலி அலமாரியுமாகச் சில ஊர்கள் நின்றன.

பெரிய வேலை என்றால் கடன் வாங்க வேண்டும். குடிநீர்த் திட்டத்துக்கோ தொழிலாளர் வீடுகளுக்கோ கடன் வாங்க டப்ளினில் கஸ்டம் ஹவுஸ் கட்டடத்திலிருந்த உள்ளாட்சி வாரியத்தின் அனுமதி தேவை. வாரியம் ஒரு ஆய்வாளரை அனுப்பும், அவர் ஊரில் பொது விசாரணை வைப்பார், பிறகு மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. இந்த வாரியத்தின் கையில் இன்னொரு ஆயுதமும் இருந்தது: தணிக்கை. வருடந்தோறும் அதன் தணிக்கையாளர் வந்து கணக்கைப் பார்ப்பார். சட்டப்படி செல்லாத செலவு என்று அவருக்குத் தோன்றினால், அதற்கு ஓட்டுப் போட்ட கவுன்சிலர்கள் தங்கள் சொந்தப் பையிலிருந்து அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். என் பார்வையில் இந்தச் சபைகளைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான விதி இல்லை. மக்கள் பிரதிநிதி என்ற பெருமை ஒரு பக்கம், தன் கடையை விற்றாவது கட்ட வேண்டிவருமோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

ஸ்லைகோவின் பரிசோதனை

மேற்குக் கரையில் இருக்கும் ஸ்லைகோ, பதினோராயிரம் பேர் வசித்த துறைமுக நகரம். முதல் உலகப் போரின்போது அதன் நகராட்சி கடனில் மூழ்கித் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. வரியைக் கூட்ட நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அதிகம் வரி கட்டும் வியாபாரிகள், பலர் புராட்டஸ்டன்டுகள், ஒரு நிபந்தனை வைத்தார்கள். கத்தோலிக்கப் பெரும்பான்மை ஊரில் தங்களுக்கு ஓர் இடம்கூடக் கிடைப்பது கஷ்டம். எனவே ஓட்டு எண்ணும் முறை மாற வேண்டும். 1918இல் சட்டம் வந்தது. 1919 ஜனவரி 15 அன்று, அயர்லாந்தின் நகரசபைத் தேர்தல்களில் முதன்முறையாக விகிதாசார முறையில் ஸ்லைகோ வாக்களித்தது.

முறை இதுதான். வாக்காளர் ஒருவருக்குக் குறி போடுவதற்குப் பதிலாக 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார். ஸ்லைகோவில் மூன்று வார்டு, வார்டுக்கு எட்டு இடம். ஒரு வார்டில் செல்லத்தக்க ஓட்டு 900 என்றால், இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் ஒன்பதால் வகுத்து, விடையோடு ஒன்றைச் சேர்க்கிறோம்: 101. இத்தனை ஓட்டு வாங்கியவர் வென்றார். அவருக்கு அதற்கு மேல் விழுந்தவை வீணாகாமல், அந்தச் சீட்டுகளில் 2 என்று குறித்தவருக்குப் போகின்றன. கடைசியில் இருப்பவர் வெளியேற்றப்பட்டு, அவர் ஓட்டுகளும் அடுத்த விருப்பத்துக்கு நகர்கின்றன. எட்டு இடமும் நிரம்பும்வரை இப்படியே. ஒன்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆதரவு இருக்கும் எந்தக் குழுவையும் முழுசாகத் துடைத்தெறிய முடியாது.

முடிவு: வரி செலுத்துவோர் சங்கம் 8, அயர்லாந்துக்கு விடுதலை கேட்ட ஷின் ஃபெய்ன் கட்சி 7, தொழிலாளர் 5, சுயேச்சைகள் 4. யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை, எல்லாருக்கும் இடம் இருந்தது. லண்டன் அரசுக்கு இது பிடித்துப்போனது. 1918 பொதுத் தேர்தலில் அயர்லாந்தின் நாடாளுமன்ற இடங்களை வாரிச் சுருட்டிய ஷின் ஃபெய்ன் கட்சியைக் கட்டிப்போட இது உதவும் என்று கணக்குப் போட்டு, 1919இலேயே நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தலுக்கு இதே முறையைக் கொண்டுவந்தார்கள்.

1920 ஜனவரியில் நகரசபைத் தேர்தல். போர்க்காலத்தில் தேர்தல் தள்ளிப்போனதால், ஸ்லைகோ தவிர மற்ற ஊர்களுக்குப் பல வருடங்களுக்குப் பிறகு முதல் ஓட்டு. ஷின் ஃபெய்ன் எதிர்பார்த்த அளவுக்குத் தனியாக வாரவில்லை என்பது உண்மை. ஆனால் அதுவும் தொழிலாளர் கட்சியும் மற்ற தேசியவாதிகளும் சேர்ந்தபோது 206 சபைகளில் 172 அவர்கள் வசம். டெர்ரியில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இல்லாத ஒரு கத்தோலிக்க மேயர் வந்தார். 1821இல் மன்னர் ஜார்ஜின் வருகையை ஒட்டிக் கிங்ஸ்டவுன் ஆன துறைமுகம் சபையின் தீர்மானத்தால் டன் லேரி ஆனது. 1849இல் ராணி விக்டோரியாவுக்காகக் குயின்ஸ்டவுன் ஆனது கோவ் ஆனது.

பெயர்ப்பலகை மாற்றுவது எளிது. கஷ்டமானது கணக்குப் புத்தகம். ஷின் ஃபெய்ன் உறுப்பினர்கள் லண்டனுக்குப் போக மறுத்து டப்ளினில் டாயில் என்ற தங்கள் சொந்த நாடாளுமன்றத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஓர் உள்ளாட்சி அமைச்சர், டபிள்யூ. டி. காஸ்கிரேவ். டப்ளின் நகராட்சியில் 1909 முதல் கவுன்சிலராக இருந்தவர், தணிக்கை என்றால் என்ன என்று தெரிந்தவர். சபைகள் ஒவ்வொன்றாக டாயிலை ஏற்பதாகத் தீர்மானம் போட்டன. கஸ்டம் ஹவுஸ் வாரியம் 1920 ஜூலை கடைசியில் சுற்றறிக்கை விட்டது: கணக்கைத் தணிக்கைக்குக் கொடுப்போம், எங்கள் உத்தரவுக்குக் கட்டுப்படுவோம் என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மானியமும் இல்லை, கடனும் இல்லை. பல சபைகள் எழுதிக் கொடுக்கவில்லை. கணக்குப் புத்தகங்கள் ஒளித்துவைக்கப்பட்டன. வங்கியில் சபையின் பெயரில் இருந்தால் அரசு முடக்கிவிடும் என்பதால், வரிப்பணம் நம்பிக்கையான சிலரின் பெயரில் போடப்பட்டது. வரி வசூலிப்பவர் யார் பக்கம் என்பதே பெரிய கேள்வியானது. டவுன் கிளார்க்கின் நிலைமைதான் பரிதாபம்: ஒரு பக்கம் கவுன்சிலின் உத்தரவு, இன்னொரு பக்கம் சட்டமும் ஓய்வூதியமும்.

அதற்குள் பிரிட்டிஷ் படைகளுக்கும் ஐரிஷ் விடுதலைப் போராளிகளுக்கும் சண்டை மூண்டிருந்தது, மேயராக இருப்பதே உயிருக்கு ஆபத்தாகிப்போனது. கார்க் மேயர் டொமாஸ் மெக்கர்ட்டன் 1920 மார்ச்சில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த டெரன்ஸ் மெக்ஸ்வீனி 74 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் அக்டோபரில் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் இறந்தார். டிசம்பரில் கார்க் நகரம் எரிக்கப்பட்டபோது நகராட்சி மன்றமும் கார்னகி நூலகமும் சாம்பலாயின. 1921 மார்ச் 7 அன்று லிமரிக்கின் அப்போதைய மேயரும் முந்தைய மேயரும் ஒரே இரவில் அவரவர் வீட்டில் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் மே 25 அன்று ஐரிஷ் குடியரசுப் படை கஸ்டம் ஹவுஸைக் கொளுத்தியது. உள்ளாட்சி வாரியத்தின் கோப்புகள் அங்கேதான் இருந்தன.

சொந்த அரசு வந்தபின்

1922இல் சுதந்திர அரசு பிறந்தது. வீட்டுக்குப் பணம் வந்தது: சபை வரியிலிருந்து ஒரு பவுண்டு போட்டு, வங்கியில் மூன்று பவுண்டு கடன் வாங்கினால், அரசு நான்கு பவுண்டு தரும் என்ற திட்டத்தில் பல ஊர்களில் புதுத் தெருக்கள் எழுந்தன. ஆனால் சபைகளின் கை நீளவில்லை, குறுகியது. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1923இல் ஒரு சட்டம், கடமையைச் சரியாகச் செய்யாத சபையைக் கலைத்துவிட்டு ஒரு அதிகாரியை உட்காரவைக்க அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. 1924 மே மாதம் டப்ளின் நகராட்சியே கலைக்கப்பட்டது. அப்போது அரசின் தலைவர் யார் தெரியுமா? அதே காஸ்கிரேவ். நாலு வருடங்களுக்கு முன் சபைகளை மேலதிகாரியை மீறச் சொன்னவர். அக்டோபரில் கார்க் நகராட்சியும் போனது. அங்கே ஃபிலிப் மொனஹன் என்ற அதிகாரி தனியாளாக நகரத்தை நடத்தினார்.

சில்லறை அதிகாரங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1925இல், சிமென்ட், நிலக்கரி மாதிரிச் சாமான்களை அரசு நிர்ணயித்த ஒப்பந்ததாரர்களிடம் மொத்தமாக வாங்கும் ஏற்பாடு சட்டமானது. உள்ளூர்க் கடைக்காரக் கவுன்சிலர்கள் முகம் சுளித்தார்கள். 1926இல் டாக்டர், பொறியாளர் போன்ற பதவிகளுக்குத் தேர்வு செய்யத் தனி ஆணையம் வந்தது, வீடு வீடாக ஆதரவு கேட்கும் பழக்கத்துக்கு அங்கே வேலையில்லை. இது நல்லதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் கவுன்சிலரிடம் மிஞ்சியது என்ன என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 1929இல் கார்க்கில் தேர்தல் திரும்பியது, ஆனால் மொனஹன் போகவில்லை, நகர மேலாளர் ஆனார். வரி விகிதம், கடன், துணைவிதிகள் போன்றவை கவுன்சிலுக்கு, அன்றாட நிர்வாகம் மேலாளருக்கு என்று சட்டமே பிரித்துக் கொடுத்தது. 1940இல் இந்த ஏற்பாடு மற்ற மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் சட்டமானது. வீடுகளுக்கான ரேட் 1978இல் நின்றது. கடைசியாக இருந்த 80 டவுன் கவுன்சில்களும் 2014இல் மூடப்பட்டன. ஸ்லைகோவின் நகரசபையும் அவற்றில் ஒன்று.

ஸ்லைகோ தொடங்கிவைத்த எண்ணும் முறை மட்டும் அயர்லாந்துக் குடியரசில் இன்றுவரை இருக்கிறது. அயர்லாந்து பிரிந்தபோது பிரிட்டனோடு தங்கிவிட்ட வட அயர்லாந்தில் கதை வேறு. அதன் அரசு 1922இலேயே உள்ளாட்சித் தேர்தலில் விகிதாசார முறையை ஒழித்து, வார்டு எல்லைகளையும் திருத்தி வரைந்தது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருந்த டெர்ரி நகரத்தின் சபை அடுத்த தேர்தலிலேயே பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகள் கைக்குத் திரும்பி, 1969 வரை அவர்களிடமே இருந்தது. அங்கே வாக்காளர்கள் மறுபடி 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட 1973 ஆனது.